கறிவேப்பிலையில் புழு, பீர்க்கில் பிஞ்சு நிற்கவில்லை: எந்த மருந்து அடிக்கலாம்?

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரிலிருந்து வாசகி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வெளியே வரவேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். கடிதத்தின் சாரம் இதுதான்.

வாடகை வீட்டு மொட்டைமாடியில் இரண்டு வருடமாகத் தோட்டம் போட்டிருக்கிறார். மொத்தம் 35 பைகள். கறிவேப்பிலை, எலுமிச்சை, செம்பருத்தி, கத்தரி, பந்தலில் பீர்க்கும் புடலும் பாகலும், ஓரத்தில் ஒரு பூசணிக்கொடி. முதல் வருடம் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிற அளவுக்குக் காய்த்தது. இந்த வருடம் கறிவேப்பிலையைப் புழு தின்று ஒரே வாரத்தில் குச்சியாக்கிவிட்டது. செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி, கூடவே சாரை சாரையாக எறும்பு. கடையில் போய்ச் சொன்னதும், கடைக்காரர் பெரிய டப்பாவிலிருந்து ஒரு காலி தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து, "லிட்டருக்கு ஒரு மூடி, எட்டு நாளைக்கு ஒரு தடவை அடிங்க" என்றிருக்கிறார். தேனீ வராத நேரம் என்று யாரோ சொன்னதால் மாலையிலேயே அடித்திருக்கிறார். இரண்டு மாதம் ஆயிற்று. மாவுப்பூச்சி கொஞ்சம் குறைந்து, திரும்பவும் வந்துவிட்டது. பந்தலில் பூ குலுங்குகிறது, ஆனால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது. சத்துக்குறைவு என்று உரம் கூட்டிப் பார்த்தார். காணொளி பார்த்துக் காலை எட்டு மணிக்குக் கையாலேயே மகரந்தம் தடவினார். பூசணியில் ஒன்றிரண்டு நின்றது, பீர்க்கில் ஒன்றுகூட நிற்கவில்லை.

இதற்கிடையில் எலுமிச்சைக் கிளையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு தேன்கூடு. அதைக் கொளுத்திவிடச் சொல்லி அடுத்த வீட்டுக்காரர் நெருக்குகிறார். கணவர் தோட்டத்தையே எடுத்துவிடலாம் என்கிறார். நான்காம் வகுப்பு படிக்கும் மகள், தான் தினமும் பார்த்துவந்த புழுவை அம்மா நசுக்கிவிட்டார் என்று இரண்டு நாள் பேசவில்லை. "எல்லாப் பூச்சியும் ஒரேயடியாகப் போவதற்கு ஒரு நல்ல மருந்து சொல்லுங்கள்" என்று கேட்கிறார். கடைசியில் மகளின் கேள்வி ஒன்றையும் சேர்த்திருக்கிறார்: "இத்தனை செடி இருக்கும்போது அந்தப் பூச்சி கறிவேப்பிலையை மட்டும் எப்படிக் கண்டுபிடித்தது?"

முதலில் அந்தப் பாட்டில்

சகோதரி, பூச்சிக்குப் போகும் முன்பு ஒன்று கேட்கிறேன். அந்தத் தண்ணீர் பாட்டில் இப்போது எங்கே இருக்கிறது? "மீதியை மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் என்னைப் பயமுறுத்திய வரி அதுதான். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில், குடிக்கிற தண்ணீர் பாட்டிலில், பேர் தெரியாத பூச்சிக்கொல்லி. நாம் இதை மருந்து, மருந்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது விஷம்.

இன்றைக்கே அதன்மேல் 'விஷம்' என்று பெரிதாக எழுதி ஒட்டி, பூட்டக்கூடிய இடத்தில் உயரத்தில் வையுங்கள். சாக்கடையிலோ கழிவறையிலோ ஊற்றாதீர்கள். வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்து, அது என்ன என்று பெயரை எழுதி வாங்குங்கள். கடைக்காரர் மறுத்தால் உங்கள் வட்டாரத்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் போய்ச் சொல்லுங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உப்புத்தண்ணீர், புளிக்கரைசல் என்று எதையும் கொடுக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்கள் உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி லேபிள் இல்லாமல் இப்படி ஊற்றி விற்பது குற்றம். முத்திரை உடையாத புட்டியும் ரசீதும் கேட்டு வாங்கலாம். என்ன ரசாயனம், எந்தப் பயிருக்கு, எவ்வளவு, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம், விஷமுறிவு என்ன என்பதெல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். அதில் ஒரு சாய்சதுரமும் இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பாக இருந்தால் மிகக் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை என்று வீரியம் குறையும். காய்கறிகளில் அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை செய்யப்பட்ட மோனோகுரோட்டோபாஸ் தண்ணீர் பாட்டிலில் வந்தால் நமக்கு அடையாளம் தெரியுமா? அதனால்தான் சொல்கிறேன்: பெயர் தெரிகிறவரை, மருந்து பட்ட கறிவேப்பிலையையும் காயையும் சமையலுக்கு எடுக்காதீர்கள். கறிவேப்பிலையைக் கவாத்து செய்து விட்டுவிடுங்கள், புதிதாகத் துளிர்த்து வரட்டும்.

கறிவேப்பிலையில் இருந்தது இரண்டு பூச்சி இல்லை

"பறவை எச்சம் மாதிரி ஒன்று, பச்சையாகப் பருத்த புழு ஒன்று, இரண்டு விதமான பூச்சி" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி குடும்பத்துப் புழு சின்னதாக இருக்கும்போது கறுப்பும் வெள்ளையுமாக, ஈரம் பளபளக்க, அச்சு அசலாகக் குருவி எச்சம் போல இருக்கும். எந்தக் குருவியும் தன் எச்சத்தைக் கொத்தாது. வளர்ந்து, அந்த வேஷம் உடம்புக்குப் போதாமல் போகும்போது சட்டையை உரித்து இலைப் பச்சைக்கு மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரட்டைக் கொம்பு ஒன்று நீட்டி வாடை வீசும். அதைப் பார்த்துத்தான் நீங்கள் கொட்டுமோ என்று பயந்திருக்கிறீர்கள். கொட்டாது, அரிக்காது. அந்த வாடை எறும்பையும் குளவியையும் விரட்டுவதற்கு.

இதை முருங்கைக் கம்பளிப்பூச்சியோடு சேர்த்துக்கொள்ள வேண்டாம். அந்த மயிர் பட்டால் தடித்துப்போகும். அதைக் குச்சியால் தள்ளி சோப்புத் தண்ணீரில் போடுவதுதான் சரி.

கறிவேப்பிலைக்கு என்ன செய்யலாம்? செடி முழங்கால் உயரம்தான், பத்துப் பதினைந்து ஈர்க்குதான் இருக்கிறது என்றால் புழுவைக் கையால் எடுத்துவிடுங்கள், அதில் தப்பே இல்லை. ஒரு புழு தன் வாழ்நாளில் தின்பதில் பெரும்பகுதியைக் கடைசிச் சில நாட்களில்தான் தின்கிறது. அதனால் எச்சம் மாதிரி இருக்கிறபோதே எடுத்துவிட்டால் செடிக்குச் சேதம் குறைவு. கொல்ல மனம் வராவிட்டால் ஒரு நார்த்தையிலோ வில்வத்திலோ கொண்டுபோய் விடலாம், எல்லாம் ஒரே குடும்பம்தான். இடம் இருந்தால் இரண்டாவதாக ஒரு கறிவேப்பிலையை மகளின் பேரில் வைத்துவிடுங்கள், அதைப் புழு தின்னட்டும். இடுப்புயரம் தாண்டி வேர் பிடித்த செடி மொட்டையானாலும் திரும்பத் துளிர்க்கும். நாம் மாதம் ஒருமுறை ஒடித்துக் குழம்பில் போடுவதும் அதற்கு ஏறக்குறைய அதே சேதம்தான்.

செம்பருத்தியில் ஓடியது தாய்ப்பூச்சி இல்லை

இங்கேதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மனது கஷ்டப்பட்டது. "மாவுப்பூச்சிகளுக்கு நடுவே அரை அங்குல நீளத்தில், வெள்ளை நூல் நூலாகத் தொங்க, வேகமாக ஓடும் ஒன்று இருந்தது. இதுதான் தாய்ப்பூச்சி என்று தேடித் தேடி நசுக்கினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். மாவுப்பூச்சி அப்படி ஓடாது. வாயைத் தண்டுக்குள் செருகி உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், நகர்ந்தாலும் ஊர்ந்துதான் போகும். நீங்கள் சொல்கிற வர்ணனை அப்படியே கிரிப்டோலேமஸ் என்கிற பொறிவண்டின் குஞ்சுப்புழுவுக்குப் பொருந்துகிறது. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் மாவுப்பூச்சி போலவே வெள்ளை மெழுகு பூசிக்கொண்டு புகுந்து, முட்டையிலிருந்து முதிர்ந்தது வரை தின்று தீர்க்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்த நன்மைப் பூச்சி இது. உங்கள் செடிக்குத் தானாக வந்து வேலை செய்துகொண்டிருந்தது. தெரியாமல் செய்ததுதான், மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம். நிறையப் பேர் இதே தவற்றைச் செய்கிறார்கள். அடுத்த முறை ஒரே ஒரு சோதனை: குச்சியால் லேசாகத் தொடுங்கள். விறுவிறுவென்று ஓடினால் விட்டுவிடுங்கள்.

பொறிவண்டு என்றாலே நல்லது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கத்தரி இலையைச் சுரண்டி ஜல்லடையாக்குகிற ஒன்று உண்டு. மங்கலான நிறம், முதுகில் 28 புள்ளி, பாகலிலும் வரும். பளபளவென்று மின்னுவது அசுவினி என்கிற சாறுறிஞ்சும் பூச்சியைத் தின்னும், மங்கலாகப் பூனைமயிர் போர்த்தியது இலையைத் தின்னும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எறும்பு செம்பருத்தியைத் தின்னவில்லை. மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சி, மிஞ்சின இனிப்பைப் பின்பக்கமாகச் சொட்டுகிறது. எறும்பு அந்தச் சொட்டுக்காக வருகிறது. பால் மாட்டைக் காவல் காக்கிற மாதிரி மாவுப்பூச்சியைக் காத்து, பொறிவண்டையும் ஒட்டுண்ணிக் குளவியையும் விரட்டுகிறது. அந்த இனிப்பு இலையில் படிந்து கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கிறது. "இலையில் கரி பூசின மாதிரி" என்று நீங்கள் எழுதியது அதுதான், தனி நோய் இல்லை. ஆகவே எறும்பு வரும் வழியை அடைத்துவிடுங்கள். பையை ஸ்டாண்டில் வைத்து, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். சுவரையோ கொடியையோ செடி தொடக் கூடாது, அது எறும்புக்குப் பாலமாகிவிடும். மாவு அப்பின நுனிகளை வெட்டி, பையில் போட்டுக் கட்டி எறியுங்கள். மீதியைத் தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சிக் கழுவி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தேயுங்கள். வாரம் இரண்டு முறை.

ஒரு வருடமாவது பொறுக்க வேண்டுமோ என்று தோன்றும். 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி என்று புதிதாக ஒன்று தலைகாட்டியது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி, இங்கே அதற்கு எதிரியே இல்லை. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. விவசாயிகள் மாற்றி மாற்றி மருந்தடித்துப் பார்த்தார்கள், உடம்பெல்லாம் மெழுகு மூடியிருப்பதால் ஒன்றும் பலிக்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்கிற ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து விட்டார்கள். கடுகைவிடச் சின்னது. மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளேயிருந்தே தின்று வெளியே வரும். விட்ட இடங்களில் சில மாதங்களில் பப்பாளி நிமிர்ந்தது. அந்தக் குளவிகள் இன்றைக்கும் நம் ஊர்க் காற்றில் இருக்கின்றன, நீங்கள் பாட்டிலைத் திறக்காமல் இருந்தால் உங்கள் மாடிக்கும் வரும்.

பிஞ்சு ஏன் நிற்கவில்லை

உரம் கூட்டியதை முதலில் நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் இலை மதர்க்கும், அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் அந்த இளஞ்சாறு விருந்து. உங்கள் கொடிக்குப் பசி இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இந்தக் கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவுக்கு அடியில் மட்டும் குட்டிப் பிஞ்சு இருக்கும். பூக்கத் தொடங்கிய புதிதில் பெரும்பாலும் ஆண் பூதான் வரும், அது உதிர்வது இயல்பு. ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்கு வந்து சேரவில்லையென்றால் பிஞ்சு இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகிச் சுருங்கி விழும். உதிர்ந்த பிஞ்சு ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே சுத்தமாக இருந்தால் மகரந்தம் சேரவில்லை. வெள்ளைப்புழு நெளிந்து, மேலே ஊசி குத்தின மாதிரி புள்ளியும் பிசினும் இருந்தால் பழ ஈ. அப்படியானால் விழுந்த பிஞ்சையெல்லாம் பொறுக்கிப் பையில் கட்டி வெயிலில் போடுங்கள், மண்ணில் விட்டால் அதிலேயே கூட்டுப்புழுவாகும். பொறி வாங்கினால், ஈயை இழுக்க அதற்குள் வைக்கும் கவர்ச்சிப் பொருள் எது என்று கேட்டு வாங்குங்கள்: மாம்பழ ஈக்கு மெத்தில் யூஜினால், பூசணிக் குடும்பத்து ஈக்கு கியூலூர். ஒன்றுக்கு இன்னொன்றை மாட்டினால் ஒரு ஈயும் வராது. பாகலையும் பீர்க்கையும் எலுமிச்சை அளவு ஆனதும் செய்தித்தாள் கூம்பு மாட்டிவிடுவது இதைவிடச் சுலபம்.

உங்கள் விஷயத்தில் என் கணிப்பு மகரந்தம்தான். ஏனென்றால் நீங்கள் "மாலையில் அடித்தேன்" என்கிறீர்கள். மாலையில் அடி, தேனீ தப்பிக்கும் என்பது பொதுவாக நல்ல யோசனை. நானும் சொல்வதுண்டு. ஆனால் உங்கள் பந்தலுக்கு அது பொருந்தாது. பூசணியும் பாகலும் விடியற்காலையில் மலரும். பீர்க்கு அந்தி சாயும்போதுதான் மலரும், சுரையும் அப்படியே. புடலின் ஜரிகை வைத்த வெள்ளைப் பூ இருட்டுகிற நேரத்தில் விரிகிறது. வெள்ளைப் பூ, ராத்திரி மணம், எல்லாமே அந்துப்பூச்சியைக் கூப்பிடுவதற்கு. பீர்க்கங்கொடிக்கு விருந்தாளி வருகிற நேரம் பார்த்து நீங்கள் விஷம் தெளித்திருக்கிறீர்கள். காலை எட்டு மணிக்கு மகரந்தம் தடவியபோது பூசணி இன்னும் திறந்திருந்தது, அதனால் ஒன்றிரண்டு நின்றது. பீர்க்கின் பூவோ முந்தின மாலை மலர்ந்து, அதற்குள் தன் வேளையை முடித்துவிட்டது.

இனி இப்படிச் செய்யுங்கள். பீர்க்குக்கும் சுரைக்கும் மாலை ஆறு மணிக்குமேல், புடலுக்கு விளக்கு வைத்த பிறகு, பூசணிக்கும் பாகலுக்கும் காலை ஏழுக்குள். அன்றைக்கு மலர்ந்த ஆண் பூ ஒன்றைக் கிள்ளி, இதழை உரித்து, நடுத்தண்டின் மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டுவிடுங்கள். தேய்க்க வேண்டாம். தடவின காம்பில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள், ஒரு வாரத்தில் எது நின்றது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். செடிக்குள் ஏறி, தேனிலும் மகரந்தத்திலும் கலந்துவிடுகிற பூச்சிக்கொல்லிகள் உண்டு. அந்த வகைக்கு எந்த நேரத்தில் அடிக்கிறோம் என்பதே பொருட்டில்லை. இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டது இந்தக் காரணத்தால்தான். உங்கள் பாட்டிலில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கத்தரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அதன் மகரந்தம் உப்புப்புட்டி மாதிரி நுனியில் சின்னத் துளை உள்ள பைக்குள் இருக்கிறது. தச்சுக் கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்து உடம்பை அதிர வைத்தால்தான் பொடி கொட்டும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. பழைய மூங்கில் கழியில் துளை போட்டுக் குடியிருக்கும் கறுத்த பெரிய வண்டைப் பார்த்தால் விரட்டாதீர்கள்.

எலுமிச்சைக் கிளையில் தேன்கூடு

கிளையைச் சுற்றி ஒரே ஒரு அடை, உள்ளங்கை அளவு, ஈ மாதிரி சின்னத் தேனீ என்றால் அது கொம்புத் தேனீ. சாதுவானது. கூட்டை ஆட்டாமல், ஊதாமல் இருந்தால் தன் வேலையைப் பார்க்கும். பூ குறைந்தால் தானே கிளம்பி வேறிடம் போய்விடும், நிரந்தரமாகத் தங்குகிற ஜாதி இல்லை. பாளம் பாளமாகத் தொங்கும் மலைத்தேனீக் கூட்டோடு இதைக் குழப்பக் கூடாது. அது தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கட்டியிருந்தால் நீங்களே தொடாமல் தீயணைப்புத் துறையை 101-இல் கூப்பிட வேண்டும்.

அடுத்த வீட்டுக்காரர் பயப்படுவதை அலட்சியப்படுத்தாதீர்கள். அவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். போய்க் கேளுங்கள்: வீட்டில் யாருக்காவது தேனீ கொட்டி முகம் வீங்கியதோ, மூச்சுத் திணறியதோ உண்டா? உண்டு என்றால் பேச்சே இல்லை, தேனீ வளர்ப்பு தெரிந்த ஒருவரை அழைத்து, இருட்டினபிறகு கிளையோடு வெட்டி வேறிடத்தில் கட்டச் சொல்லுங்கள். அப்படியாரும் இல்லையென்றால் பந்தலுக்கும் அவர் பக்கத்துக்கும் நடுவில் பச்சை வலை ஒன்றைக் கட்டி, நாலடி தள்ளிக் கயிறு போட்டு, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் இருந்தால் போதும். உங்கள் மாடியில் இருப்பதைக் கொளுத்த அவருக்கு உரிமை கிடையாது. ஆனால் உரிமையைப் பேசுவதற்கு முன் கடையில் வாங்கின பழம் நாலைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பேசுங்கள். வீட்டு உரிமையாளரிடமும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள், மற்றவர் வாய் வழியாக அவருக்குப் போக வேண்டாம்.

தோட்டத்தை எடுத்துவிடலாமா

வேண்டாம். மூன்று மாதம் தவணை கேளுங்கள் உங்கள் கணவரிடம். ஆனால் அவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: மருந்தை நிறுத்தின முதல் இரண்டு மூன்று வாரம் நிலைமை இன்னும் மோசமாகத்தான் தெரியும். தின்னும் பூச்சி சீக்கிரம் பெருகும், அதைத் தின்னும் பூச்சி மெதுவாகத்தான் திரும்பி வரும். அந்த இடைவெளியில்தான் எல்லாரும் பயந்து மறுபடி பாட்டிலைத் திறக்கிறார்கள்.

அந்த நாட்களைத் தாண்டக் கையும் பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். மிஞ்சிப் போனால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலில் கலக்கி, பூவில் படாமல், புழு உள்ள செடிக்கு மட்டும், வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள். பீர்க்குப் பந்தலுக்கு மட்டும் விடியற்காலையில். இயற்கை என்பதால் பாதிப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். மேலே பட்டால் பொறிவண்டுக் குஞ்சும் சாகும்.

கூடவே நாலு பையில் கொத்தமல்லியையும் சோம்பையும் அறுக்காமல் பூக்க விடுங்கள். ஒட்டுண்ணிக் குளவிக்கு வாய் சின்னது, அந்தப் பொடிப்பூவில்தான் அது தேன் குடிக்க முடியும். துளசியும் பூக்கட்டும், செண்டுமல்லி இரண்டு வையுங்கள். தட்டைப்பயறு போட்டால் பூங்காம்பில் எறும்பு மொய்க்கும், பதற வேண்டாம். அந்தச் செடி பூவுக்கு வெளியிலேயே தேன் சுரந்து எறும்பைக் கூலிக்கு வைத்துக்கொள்கிறது. ஆமணக்கும் அப்படித்தான். அங்கே அசுவினி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வந்தால் பூச்சியைத் தீப்பெட்டியில் போட்டு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோகலாம். காசு கேட்க மாட்டார்கள். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

உங்கள் மகளின் கேள்வி

பாப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். கறிவேப்பிலை வாசனை நமக்காக வந்ததில்லை. தன்னை யாரும் தின்னாமல் இருக்கச் செடி தயாரிக்கும் எண்ணெய் அது. பெரும்பாலான புழுக்கள் அந்த நெடிக்கே ஒதுங்கிவிடும். இந்த வண்ணத்துப்பூச்சியின் வம்சம் மட்டும் அதைச் செரிக்கப் பழகிக்கொண்டது. பழகினதோடு, அந்த வாசனையையே விலாசமாகவும் வைத்துக்கொண்டது. அம்மா வண்ணத்துப்பூச்சி பறந்து வந்து இலையில் உட்கார்ந்ததும் முன்னங்காலால் தப்தப்பென்று தட்டும். அதற்குக் காலில் ருசி தெரியும். சரியான செடிதான் என்று தெரிந்தபிறகுதான் இளந்துளிரில் ஒரு முட்டை வைக்கும். ஒன்றே ஒன்று. கடுகளவில், வெளிர்மஞ்சளில், உருண்டையாக இருக்கும்.

கவாத்து செய்த செடி துளிர்த்ததும் பாப்பாவைத் தினமும் காலையில் துளிரைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். முட்டை கிடைத்தால் தேதியை நோட்டில் எழுதட்டும். மூன்று நான்கு நாளில் பொரியும், இரண்டு மூன்று வாரம் தின்னும், அப்புறம் குச்சியில் இடுப்பில் கயிறு கட்டின மாதிரி சாய்ந்து கூட்டுப்புழுவாகும். அந்தக் கூடு ஒருநாள் கறுத்து, உள்ளே இறக்கையின் கோலம் தெரிய ஆரம்பிக்கும். அன்றைக்கு ராத்திரி சீக்கிரம் தூங்க வையுங்கள், பெரும்பாலும் மறுநாள் காலையில்தான் வெளியே வரும்.